எருமை காத்த பயறு

அன்று குளக்கரையில் இருந்தவர்கள் ஏழு பேர்: முயல் ஒன்று, அதன் குட்டிகள் மூன்று, எருமை ஒன்று, மண்புழு ஒன்று, முள்வேலிப் புதருக்குள் ஒரு காட்டுக்கோழி. கோழியை யாரும் அழைக்கவில்லை.

முயலிடம் இருநூறு தட்டைப்பயறு விதைகள் இருந்தன. வரிசைக்கு இருபதாகப் பத்து வரிசை ஊன்றியது. வேறு விதை கிடையாது. இவை முளைக்காவிட்டால் கோடையில் குட்டிகளுக்கு உணவும் கிடையாது.

மாலையில் நல்ல மழை பெய்தது.

"முயலக்கா, நீ நிம்மதியாகப் போ! கோழி கிளறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்றது எருமை.

எருமை சொன்னதைச் செய்யும். ஈர மண்ணில் இரண்டு நாள் மேலும் கீழுமாக நடந்தது. "இனிக் கோழியின் நகம் இறங்குமா, பார்க்கலாம்!" என்று மண்ணை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கியது. பத்தாம் வரிசை முள்வேலியை ஒட்டியிருந்ததால் அங்கே மட்டும் போகவில்லை.

பிறகு நான்கு நாள் கடும் வெயில்.

ஏழாம் நாள் முயல் எண்ணிப் பார்த்தது. பத்தாம் வரிசையில் பதினெட்டு முளைகள். மற்ற ஒன்பது வரிசைகளில் ஒன்றுகூட இல்லை.

"அடி பாவி! நூற்றெண்பது விதையையும் தின்றுவிட்டாயே!" என்று புதரைப் பார்த்துக் கத்தியது.

"நூற்றெண்பதா! அவ்வளவும் தின்றால் இந்தப் புதருக்குள் நுழைய முடியுமா எனக்கு? என் வாசலில் இருக்கும் பத்தாம் வரிசையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய்த் தின்பேனா?" என்றது கோழி.

அப்போது பத்தாம் வரிசையிலிருந்து மண்புழு தலையை நீட்டியது.

"கோழியம்மா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு. பிறகு பேசுகிறேன்."

கோழி திரும்பிக்கொண்டது.

"விதையெல்லாம் உள்ளேதான் இருக்கிறது. முளையும் விட்டிருக்கிறது. ஆனால் மேலே மண் ஓடு போல இறுகிவிட்டது. நானே தலையால் முட்டிப் பார்த்தேன், முடியவில்லை. உள்ளே காற்றும் இல்லை. இன்னும் இரண்டு நாள் போனால் எல்லாம் அழுகிவிடும்!"

முயல் பாய்ந்து ஓரிடத்தில் தோண்டியது. மண் கட்டியாகப் பெயர்ந்தது. அதோடு வெள்ளை முளையும் ஒடிந்தது.

"ஐயோ, ஒன்று போயிற்று!"

"மேல் ஓட்டை மட்டும் உடைக்க வேண்டும், அக்கா. அதற்கேற்ற நகம் கோழிக்குத்தான் உண்டு" என்றது மண்புழு.

எருமை தலையைத் தொங்கப்போட்டது. "நான் காவல் காத்தேன் என்றல்லவா நினைத்தேன்! இப்போது நான் என்ன செய்யட்டும்?"

"உள்ளே கால் வைக்காதே அண்ணே, அதுவே போதும்! குளத்தில் முங்கி வந்து ஓரமாக நின்று உடம்பை உதறு" என்றது கோழி.

எருமை பதினான்கு முறை முங்கி வந்து உதறியது. ஓடு ஊறியது. கோழி பூப்போலக் கீறிக்கொண்டே போனது. முயல் கண்கொட்டாமல் கோழியின் அலகையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை. தலையில் மண்துகளைச் சுமந்தபடி முளைகள் எழுந்து நின்றன. புதிதாக நூற்று முப்பத்தொன்று! பழைய பதினெட்டையும் சேர்த்தால் நூற்று நாற்பத்தொன்பது. குட்டிகள் குதித்தன. முயலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு முளைக்காத இடங்களைத் தோண்டி எண்ணியது. செத்தவை ஐம்பது.

"ஒன்று குறைகிறதே!" என்றது முயல். எல்லோரும் கோழியின் கழுத்தைப் பார்த்தார்கள்.

"பாருங்கள், நன்றாகப் பாருங்கள்!" என்று கோழி கழுத்தை நீட்டியது.

"அது இருக்கட்டும். என் முன்னங்காலில் ஒரு வாரமாக ஏதோ உறுத்துகிறது" என்று எருமை காலைத் தூக்கியது. குளம்பின் பிளவில் இறுகியிருந்த மண்ணை முயல் கிள்ளி எடுத்தது. உள்ளே, ஊறிப் பெருத்து, அந்த ஒரு விதை!

எருமை வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டது. முயல் அந்த விதையைக் கோழியின் முன் வைத்தது. "இது உனக்கு. என்னை மன்னித்துவிடு."

கோழி அதை விழுங்கியது. "ஒன்றுதான் தின்றேன். கணக்கில் வைத்துக்கொள், அக்கா!"

காவலுக்கு நிற்பவர் பிறர் வாயைப் பார்க்கும் முன் தம் காலைப் பார்க்க வேண்டும். குளக்கரையில் மீந்த செடிகள் நூற்று நாற்பத்தொன்பது.