ஆறாம் படியில் நீந்திய ராஜா

செம்பியன்கோட்டை ராஜா பராங்குசருக்கு நீச்சல் வந்துவிட்டது. பத்தே நாளில். அரண்மனையில் வேறு பேச்சே இல்லை.

எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ராஜாவின் திருமேனியை யாரும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே வயிற்றில் கை கொடுத்துத் தாங்க ஆள் கிடையாது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு மிதப்பதோ கௌரவக் குறைச்சல். தானாகவே கற்றுக்கொண்டார்.

பதினோராம் நாள் காலை தெப்பக்குளத்துப் படித்துறையில் அவையே கூடி நின்றது. ராஜா கழுத்தளவு நீரில் கிழக்கேயிருந்து மேற்கே போனார். மேற்கேயிருந்து கிழக்கே வந்தார். கை இரண்டும் தண்ணீரைக் கிழித்தன.

"ஆஹா!" என்றார் மந்திரி கலியப்பர்.

"ஆஹா!" என்றது அவை.

வெள்ளியம்பலம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ராஜாவைச் சிரிக்க வைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் அவன். குனிந்து தண்ணீருக்குள் பார்த்தான். நல்ல தெளிவு. ராஜாவின் இடது கால் பெருவிரல் ஆறாம் படியில் ஊன்றியிருந்தது. படியோடு படியாக விரலும் போயிற்று. மனுஷர் நீந்தவில்லை. நொண்டியடித்துக்கொண்டிருந்தார்!

நொண்டட்டும், நமக்கென்ன என்று விட்டிருப்பான். மந்திரி விடவில்லை.

"மகாராஜா, நாளை தெப்பத் திருவிழா. தாங்களே நீராழி மண்டபம் வரை நீந்திப் போய் சுவாமிக்கு மாலை சாத்தினால் ஊரே மெய்சிலிர்க்கும்."

மண்டபம் குளத்தின் நடுவில் இருந்தது. போகிற வழியெல்லாம் மூன்று ஆள் ஆழம்.

"பேஷ்!" என்றார் ராஜா. "ஓடம், பரிசல் எதுவும் கூட வரக்கூடாது. எனக்கு நீச்சல் தெரியாது என்று எவனாவது முணுமுணுத்தால் அவன் தலை கழுத்தில் இருக்காது!"

வெள்ளியம்பலம் மந்திரியை ஓரமாக இழுத்தான்.

"விரலைப் பார்த்தீரா?"

"பார்த்தேன், ஓய்."

"பிறகு ஏன் மண்டபம், மாலை என்றெல்லாம் அளந்தீர்? நாளைக்கு மூழ்கிப் போவாரே!"

"பேச்சு வேகத்தில் வந்துவிட்டது. இனி எப்படித் திருப்பி விழுங்குவது? ஆசை இருந்தால் நீ போய்ச் சொல்லு. எனக்கு என் தலை வேண்டும்."

வாஸ்தவம்தான். சொன்னால் தன் தலை போகும். சொல்லாவிட்டால் ராஜாவே போவார். வெள்ளியம்பலம் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு மளமளவென்று படியிறங்கினான்.

"மகாராஜா! நாளை மாலைக்கூடையைச் சுமந்துகொண்டு தங்கள் பின்னால் நீந்தி வர ஆசை. எனக்கும் கற்றுத்தாருங்கள்."

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவரிடம் பாடம் கேட்ட முதல் ஆள் இவன்தான்.

"வாடா வா! கையைத் தவளை மாதிரி விரி. ம். வலது காலை உதை. இடது பெருவிரலைப் படியில் ஊன்று. ஊன்று, உதை. ஊன்று, உதை. இவ்வளவுதான்டா நீச்சல்!"

கரையில் மந்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊன்றாமல் நீந்தக்கூடாதா, மகாராஜா?"

"ஊன்றாவிட்டால் முழுகிப் போவாய், முட்டாள்! வாத்துக்குக் கால் எதற்கு இருக்கிறது?"

வெள்ளியம்பலம் படியோரமாக இரண்டு நடை நொண்டினான். பிறகு மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினான். படி முடிந்தது. ஆளைக் காணோம்.

சற்றுத் தள்ளித் தலை மேலே வந்தது.

"ஊன்றுடா!" என்று கத்தினார் ராஜா.

"ஊன்றினேன் மகாராஜா! ஒன்றும் அகப்படவில்லை!"

மறுபடி முழுகினான்.

"இன்னும் கீழே! எட்டி ஊன்று!"

குமிழி வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. ராஜாவின் முகம் வெளுத்தது. அவனை எட்டிப் பிடிக்க ஏழாம் படிக்கு இறங்கினார். தண்ணீர் வாய்க்கு வந்தது. எட்டாம் படி. மூக்குக்கு மேலே போயிற்று. இருமிக்கொண்டு துள்ளி மேலே ஏறினார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளியம்பலம் எழுந்தான். கையில் ஒரு பிடி கருஞ்சேறு.

"இதோ மகாராஜா, தரை! மூன்று ஆள் ஆழத்தில் கிடக்கிறது. நான் கொஞ்சம் அள்ளி வந்தேன். மீதியையும் மேலே வரும்படி தாங்கள் ஓர் உத்தரவு போட்டால், நாளைக்கு இருவரும் சௌகரியமாக ஊன்றி நீந்தலாம்."

ராஜா சேற்றைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். தன் இடது காலைப் பார்த்தார். கடைசியில் நடுக்குளத்தில் சாவகாசமாக மிதக்கிறவனைப் பார்த்தார்.

"டேய், நீ இப்போது எதில் ஊன்றிக்கொண்டிருக்கிறாய்?"

"எதிலும் இல்லை, மகாராஜா. ஆற்றங்கரையில் வளர்ந்தவன். கெட்ட பழக்கம்."

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெள்ளியம்பலத்தை நோக்கி வீசினார்.

"இனிமேல் நீதான் என் வயிற்றில் கை கொடுக்கிறாய். சட்டம் கிடக்கட்டும். எங்கே, ஒரு நல்ல சுரைக்குடுக்கை கொண்டு வரச் சொல்!" பிறகு கரைப் பக்கம் திரும்பினார். "மந்திரியாரே! சுவாமிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. நாளை மாலையை எடுத்துக்கொண்டு நீர் நீந்திப் போம்."

"ஐயோ! எனக்கு நீச்சலே தெரியாது, மகாராஜா!"

"தெரியாதா? பத்து நாளாக என் நீச்சலை வாய் ஓயாமல் புகழ்ந்தீரே, எப்படி?"

வெள்ளியம்பலம் வேட்டியைப் பிழிந்துகொண்டே கரையேறினான்.

"அவரைக் கோபிக்காதீர்கள், மகாராஜா. அவர் இரண்டு காலையும் கரையில் ஊன்றிக்கொண்டல்லவா புகழ்ந்தார்!"