யாளிக்கு எதிரே ஒரு மணை

எந்தத் தேசம், எந்த வருஷம் என்றெல்லாம் கேட்காதீர்கள். வெகு காலத்துக்கு முன்னே வில்லவராயன் என்றொரு அரசன் இருந்தான். பெருஞ்சதுரங்கம் என்றால் அவனுக்கு உயிர். வழக்கமான பலகையைப் போல நாலு மடங்கு பெரிய பலகை. ஒரே பாய்ச்சலில் பலகையைக் கடக்கும் யாளி என்ற காயும் அதில் உண்டு. முதல் காயை அரசன்தான் நகர்த்த வேண்டும் என்பது அரண்மனை வழக்கம். அந்த ஒரு நகர்த்தலிலேயே அவன் யாளிக்கு வழி திறந்துவிடுவான். எதிரே இருப்பவர் கடைசிவரை தற்காத்துக்கொண்டே தோற்க வேண்டியதுதான்.

கல்யாணமான நாள்முதல் அவனோடு ஆடித் தோற்ற அரசி மதுரவல்லி, ஒருநாள் எழுந்துவிட்டாள். “தொடங்கும்போதே ஆட்டம் முடிந்துபோகிறது. அப்புறம் நான் எதற்கு?” என்றாள். அதன்பின் அவள் பலகைப் பக்கம் வரவில்லை. அரசனுக்குச் சோறு இறங்கவில்லை.

சபையில் கேட்டான்: “முதல் காயை நானே நகர்த்த வேண்டும். அதனால் எனக்கு லாபமும் இருக்கக் கூடாது. வழி உண்டா?”

விகடகவி மாசிலானை அரசன் கொண்டாடுவது பிரதானி நரசிங்கருக்குப் பிடிக்காது. “மாசிலானால் முடியும், மகாராஜா. முடியாவிட்டால் ஊரைவிட்டுப் போகட்டும்” என்றார். வேதனையில் இருந்த அரசன் தலையசைத்துவிட்டான்.

மாசிலான் அரசியை அழைத்துவரச் செய்து, பலகையை விரித்தான். அரசன் வழக்கம்போல யாளிக்கு வழி திறந்தான். உடனே மாசிலான் பலகையை அப்படியே திருப்பி வைத்தான். அரசனின் படை அரசியின் கைக்குப் போயிற்று.

“இது என்ன அநியாயம்?” என்றார் நரசிங்கர்.

“முதல் காயை மகாராஜாதானே நகர்த்தினார்? அந்தப் படையோடு அவரே ஆட வேண்டும் என்று வழக்கத்தில் இல்லையே, ஐயா. முதல் நகர்த்தல் அவருடையது. எந்தப் பக்கம் வேண்டும் என்ற முடிவு அரசியாருடையது.”

அரசன் அன்று மோசமாகத் தோற்றான். மறுபடி காய்களை அடுக்கியபோது அவன் கை தயங்கியது. எழுந்து போய் அரசியின் மணையில் உட்கார்ந்து பார்த்தான். யாளி நேராக அவனையே முறைத்தது.

“இத்தனை வருஷமும் இதையா பார்த்துக்கொண்டிருந்தாய்?”

“ஆமாம்” என்றாள் அவள்.

அவன் தன் இடத்துக்குத் திரும்பி, ஓரத்துக் காலாள் ஒன்றை மெல்ல ஒரு கட்டம் நகர்த்தினான். அரசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எதை எடுப்பது என்று தெரியாமல் தவித்தாள். அதைப் பார்த்து அரசன் வாய்விட்டுச் சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாசிலானுக்குப் போட்டு, அவனைப் புகழத் தொடங்கினான்.

“கொஞ்சம் பேசாமல் இருங்கள்” என்றாள் மதுரவல்லி, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். “யோசிக்கிறேன்.”