மந்திரியின் கரும்பும் தேர் வீதியும்

"யானை எங்கே தோட்டத்துக்குள்ளே வந்துச்சு? அது எப்பவும் போற வழியிலேதான் போச்சு. தோட்டம்தான் குறுக்கே வந்து நின்னுச்சு."

அரண்மனை வாசலில் காவலர்கள் இருவர் வெற்றிலை மென்றபடி பேசிக்கொண்டது நம்பியப்பன் காதில் விழுந்தது. அரசவை விகடகவிக்கு அது போதாதா?

உள்ளே மந்திரி அனந்தராயர் கொதித்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் அவர் புதிதாக வேலி அடைத்துப் போட்ட கரும்புத் தோட்டத்தை யானைக் கூட்டம் மிதித்துவிட்டது. கூட்டத்தை நடத்தி வந்த கிழட்டுப் பெண் யானை வேலியோரம் வெட்டியிருந்த குழியில் சிக்கிக் கிடந்தது.

"மகாராஜா, அத்துமீறி நுழைந்த மிருகம்! இன்றே வேலால் குத்திக் கொல்ல உத்தரவிட வேண்டும்."

மன்னர் தலையசைக்கப் போனார். நம்பியப்பன் முந்திக்கொண்டான்.

"கொல்லத்தான் வேண்டும் மகாராஜா. கையோடு நம் கோயில் தேரையும் கொளுத்திவிடலாம்."

"என்ன உளறுகிறாய்?" என்றார் மன்னர்.

"போன திருவிழாவில் பூக்காரி செங்கமலத்தின் பந்தலை இடித்தது அந்தத் தேர்தானே? அது அத்துமீறல் இல்லையா?"

அனந்தராயருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "தேர் வீதி தேருக்குச் சொந்தமடா, மூடா! குறுக்கே பந்தல் போட்டது அவள் குற்றம். போட்டவர் தம் கையாலேயே பிரிக்க வேண்டும், அதுதான் இந்த ஊர் வழக்கம். தீர்ப்புச் சொன்னவனே நான்தான்!"

"பாவம், அழுதாளே?"

"அழுதால்? தேர் அவளுக்காக வளைந்து போகுமா?"

"அருமையான தீர்ப்பு." நம்பியப்பன் மன்னர் பக்கம் திரும்பினான். "தாங்கள் இளவரசராக இருந்தபோது, மலையடிவாரத்தில் யானைகள் ஆற்றுக்கு இறங்கும் வழி என்று உங்கள் கூடாரத்தையே தள்ளிப் போடச் சொன்னீர்களாமே, அந்த இடம் நினைவிருக்கிறதா?"

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ராயரே, உம் தோட்டம் அங்கேயா இருக்கிறது?"

"தண்ணீர் வசதிக்காக..." மந்திரி இழுத்தார். "ஆனாலும் தேரில் தெய்வம் இருக்கிறது. யானைக்கு என்ன இருக்கிறது?"

"ஒன்றுமே இல்லை, ராயரே. சபைக்கு வந்து அழக்கூட அதற்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தானே வேலி போட்டீர்கள்?"

மன்னரின் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "குழியின் ஓரத்தைச் சரித்து யானையை வெளியே விடுங்கள். வேலிக்கு ராயரின் தீர்ப்பே என் தீர்ப்பு."

அன்று மாலை மலையடிவாரத்தில் ஊரே கூடி நின்றது. பந்தலைப் பிரித்த கடப்பாரையைப் பூக்காரியிடம் கேட்டு வாங்கி வந்து, நம்பியப்பன் பணிவாக நீட்டினான். அனந்தராயர் பட்டுச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் வேலிக்காலைப் பெயர்த்தார்.