நான்கு நாள் மௌனம்

இந்தக் கதையைக் கேட்பவர்கள் நடுவில் யாருக்கும் தலையாட்டிவிட வேண்டாம். முடிவில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான்.

நெடுங்கரை என்று ஒரு சிறிய நாடு. அரசன் கிடையாது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டு ஆளை மாற்றிக்கொள்ளும் நாடு. அதற்கு வடக்கே வடபுலம் என்று ஒரு பெரிய நாடு. அங்கேயும் ஓட்டுதான். இரண்டு நாட்டு ஜனங்களுக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. அதனால் மந்திரிகள் பேசிக்கொள்வதெல்லாம் ரகசியமாகத்தான்.

நெடுங்கரைக்காரன் மாசிலாமணி வெங்காய லாரியோடு எல்லை தாண்டிப் போனான். பாலத்தைப் படம் எடுத்தான் என்று வடபுலத்துப் போலீஸ் பிடித்து உள்ளே போட்டது. உளவாளிக்கு அங்கே தூக்கு. அவன் மனைவி செங்கமலம் தலைநகருக்கு வந்து வெளியுறவு அமைச்சகத்தின் வாசலில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பார்த்தால் அவளுக்குப் பின்னால் இரண்டாயிரம் பேர்.

அதே சமயம் நெடுங்கரைச் சிறையில் வடபுலத்துக் கப்பல் கேப்டன் ஒருவன் இருந்தான். குடித்துவிட்டு, கப்பலை மீன்பிடிப் படகின்மேல் ஏற்றி இரண்டு பையன்களைக் கொன்றவன். வழக்கு முடியும் தறுவாயில் இருந்தது.

திங்கட்கிழமை, வடபுலத்து மந்திரி நெடுங்கரையின் வெளியுறவு மந்திரி திலகவதியைத் தொலைபேசியில் அழைத்தார். "வியாழன் மதியம் உங்கள் ஆளை விடுகிறேன். எங்கள் கேப்டனை விடுங்கள். அதற்குள் விஷயம் வெளியே கசிந்தால் எங்கள் ஜனங்கள் என்னை விடமாட்டார்கள். உங்கள் ஆளை நான் காப்பாற்ற முடியாது." திலகவதி வாக்குக் கொடுத்தார்.

செவ்வாயன்று சபையில் எதிர்க்கட்சி கேட்டது: "பேரம் ஏதாவது நடக்கிறதா?"

"இல்லை" என்றார் திலகவதி.

அன்று மாலை செங்கமலத்தை மட்டும் உள்ளே அழைத்து, கேப்டன் விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். வெளியே மூச்சு விடக்கூடாது. எழுந்தும் போகக்கூடாது, போனால் சந்தேகம் வரும்.

"எப்பவும் போல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே இருங்கம்மா."

"நேத்து மனசாரத் திட்டுனேங்க. இன்னைக்கு எப்படிங்க வரும்?"

"வரவழைச்சுக்கோங்க."

புதன் காலையில் கடற்கரை ஊரிலிருந்து சூசையம்மாள் வந்து சேர்ந்தாள். படகில் செத்த இருவரில் ஒருவன் அவளுடைய ஒரே மகன். வந்தவள் செங்கமலத்தின் பக்கத்தில் இடம்பிடித்தாள். மைக்கை வாங்கி, "மாசிலாமணியை மீட்டு வா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பிறகு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள்.

"தின்னு புள்ள. வாறவன் உன்ன எலும்பும் தோலுமாப் பாத்தா என்னத்தான் ஏசுவான்."

செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மதியம் வரைக்கும் தாங்கினாள். பிறகு, மந்திரி சொன்னதை மீறி, சூசையம்மாளின் காதோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சூசையம்மாள், "நாளைக்கு மத்தியானமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாக்கா."

மைக் சூசையம்மாள் மடியில் கிடந்தது. எதிரே இப்போது ஐயாயிரம் பேர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேப்டன் விடுதலையாக மாட்டான். மாசிலாமணியும் திரும்ப மாட்டான். செங்கமலம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூசையம்மாள் எழுந்து, "மாசிலாமணியை மீட்டு வா" என்றாள். காலையில் இருந்த குரல் இல்லை அது.

வியாழன் மதியம் மாசிலாமணி எல்லைப் பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்தான். கேப்டன் அந்தப் பக்கம் போனான். ஒரு மணி நேரம் கழித்து, சூசையம்மாள் மைக்கைப் பிடித்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இனிப்பு வழங்கிக்கொண்டிருந்த கூட்டம் கல்லெடுத்தது. ஒரே வாரத்தில் ஆட்சி கவிழ்ந்தது. வடபுலத்து மந்திரிக்கும் பதவி போயிற்று.

அடுத்த மாதம் வைரவன் என்று இன்னொரு லாரிக்காரன் அதே உளவுக் குற்றத்துக்கு வடபுலத்தில் பிடிபட்டான். வடபுலத்திலிருந்து வந்த பதில்: "உங்களோடு இனிப் பேச்சு இல்லை. உங்கள் ஊரில் எந்த ரகசியமும் தங்காது."

திலகவதி ஓர் உயிரைக் காக்க நாட்டிடம் பொய் சொன்னார். செங்கமலம் புருஷன் உயிரைப் பணயம் வைத்து, தெரியவேண்டியவளிடம் உண்மையைச் சொன்னாள். சூசையம்மாள் அந்த உயிர் தப்பும்வரை காத்திருந்து, பிறகு நாட்டுக்கே சொன்னாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சூசையம்மாள். நான்கு நாள் பேசாமலிருக்க மந்திரிக்கு உரிமை உண்டு. "வியாழனன்று சொல்கிறேன்" என்றிருந்தால் சபை குதித்திருக்கும், ஆனால் அது பொய்யாகியிருக்காது. "இல்லை" என்றது, செத்தவர்களின் வழக்கை யாரையும் கேட்காமல் கைகழுவியதை மறைப்பதற்கு. செங்கமலம் நெஞ்சு தாங்காமல் சொன்னாள். கேட்டவள் வேறொருத்தியாக இருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். சூசையம்மாள் ஒருத்திதான் அந்த உயிரையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஜனங்களுக்குத் தெரியவேண்டியதையும் விழுங்கவில்லை. இதுதான் எனக்குத் தெரிந்த விடை. வைரவனின் மனைவி பவளக்கொடி அதே வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்குத் தீர்ப்பு. இந்தத் தடவை கூட்டம் சேரவில்லை.