பாதியில் நின்ற முள்

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கரட்டுக் குன்றின் அடியில் அம்மையாரின் ஆசிரமம் இருந்தது. பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். நாலைந்து ஓட்டு வீடுகள், ஒரு கிணறு, ஒரு பழைய சின்னக் கார். அந்தக் காரும் ஓர் அன்பர் புதுசு வாங்கியபோது டேங்கை நிரப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. தனக்கு ஆகாததைத்தானே ஆசிரமத்துக்குக் கொடுப்பார்கள்.

அங்கே ஒரு வழக்கம். எதையும் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. அரிசிப் பானை பாதி, எண்ணெய்த் தூக்கு பாதி, தண்ணீர்த் தொட்டிகூடப் பாதிதான். மீதி இடம் நாளைக்குக் கொடுக்கப் போகிறவருக்கு என்பார் அம்மையார்.

வந்த கொஞ்ச நாளில் காரும் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் முள் இறங்கி வந்து, சரியாகப் பாதியில் நின்றது. வாரம் ஒரு தரம் சந்தைக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்தார்கள். பாதி இருக்கிறது, நம் இடத்துக்கு ஏற்ற வண்டிதான் என்று மெச்சிக்கொண்டார்கள். வேறு எந்த ஊரிலாவது இந்தக் கூத்து நடக்குமா? யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெள்ளகோவிலில் முப்பது வருஷம் மோட்டார் பட்டறை நடத்திவிட்டு அங்கே வந்து சேர்ந்த நாச்சிமுத்துவுக்கே வரவில்லை.

நாச்சிமுத்து அம்மையாரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவர்தான் சீடர். ஏழு வருஷமாக விடியற்காலையில் முதல் ஆளாகத் தியானத்துக்கு உட்காருகிறவர்.

அன்றைக்குக் காலையில் அவருக்கு ஒரு போன் வந்தது. தம்பி சென்னியப்பனின் மனைவி மயிலாத்தாள்.

"மாமா, அவருக்கு வாயும் கையும் இழுத்துக்கிச்சுங்க. பேச்சு குழறுது. ரெண்டே வார்த்தைதான் புரியற மாதிரி வருது. ஒண்ணு தண்ணி. இன்னொண்ணு அண்ணன். டாக்டரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாருங்க. வந்துருங்க மாமா."

"பாக்கறேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஆனால் கிளம்பவில்லை.

அம்மையார் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து எதிரே போய் உட்கார்ந்து போனில் வந்த சேதியைச் சொன்னார்.

"போகலீங்களா?" என்று கேட்டார் அம்மையார்.

"எப்படிங்கம்மா போறது? எங்கம்மா செத்தப்ப நான் ஒரு வேலையா ஓசூர் போயிருந்தேன். அடிச்சுப் பிடிச்சு வந்தேன். சங்ககிரி தாண்டி பஸ் நின்னுபோச்சு. அம்மாவுக்குக் கொள்ளி வெக்கிறது கடைசி மகன், தம்பிதான். அவன் எனக்காகக் கொஞ்சம் பொறுத்திருக்கலாமில்லீங்களா? நான் சுடுகாட்டு வாசல்ல கால் வெக்கறப்ப, எரிஞ்சிட்டிருக்குது. முகத்தைக்கூட நான் பாக்கலீங்க."

அம்மையார் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கோபம் உள்ளே அப்படியே கெடக்குது. தினமும் கண்ணை மூடுனதும் மொத வேலையா அதைத்தான் பாக்கறேன். அதை வெச்சுக்கிட்டு அவன் கட்டில்கிட்டப் போய் நின்னா நடிப்பாயிரும். தீரட்டும், போறேன். எப்பங்கம்மா தீரும்?"

"சந்தைக்கு நேரமாச்சுங்க. காய் வாங்கிட்டு வந்துருங்க" என்றார் அம்மையார்.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. நான் என்ன கேட்கிறேன், இவர் என்ன சொல்கிறார் என்று மனசுக்குள் முனகிக்கொண்டே காரை எடுத்தார்.

பாதி வழியில் கார் இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தார். ஒயரை ஆட்டிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மொபெட்டில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "பெட்ரோல் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் பாதி இருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து, கொஞ்சம் மிடுக்காகவே.

அந்த ஆள் இறங்கிவந்து காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டினார். உள்ளே சலசலப்பே இல்லை. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும். பாவம் என்று பார்த்துவிட்டு, அவரே போய் ஒரு பாட்டிலில் பெட்ரோல் வாங்கிவந்து கொடுத்தார். காய் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் நாச்சிமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பது வருஷப் பட்டறைக்காரன், முள்ளை நம்பி நடுரோட்டில் நின்றிருக்கிறான்.

வந்ததும் வராததுமாக வேலையில் இறங்கினார். பின் சீட்டைத் தூக்கினார். அடியில் இருந்த தகட்டைக் கழற்றி, டேங்குக்குள் இருந்த மிதவையைக் கம்பியோடு பதனமாக வெளியே எடுத்தார். ஒயர் மட்டும் மாட்டியபடி இருந்தது. அம்மையார் வந்து கார்க் கதவோரம் நின்றார்.

"என்னங்க அது?"

"இதுதானுங்கம்மா அளவு சொல்றது. பெட்ரோல் மேல மிதக்கும். பெட்ரோல் எறங்குனா இதுவும் எறங்கோணும். இது எங்கே இருக்குதோ அதை முன்னாடி இருக்கற முள் காட்டும்."

"இப்ப என்ன ஆச்சு?"

"மூட்டுல பாருங்க, அழுக்குப் பிசினாட்டம் ஒட்டியிருக்குது. ஒரு நாள் பாதியில இருந்திருக்குது, அங்கேயே பிடிச்சுக்கிச்சு. அப்புறம் உள்ள இருந்ததெல்லாம் செலவாயிப் போச்சு. இது மட்டும் அன்னிக்குக் கண்ட பாதியையே சொல்லிட்டிருக்குது."

"நாம எல்லாரும் பாத்தோம். ஒருத்தருக்கும் தெரியலையே."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரிஞ்சிருக்கோணுமுங்க. ஓடற வண்டியில முள்ளு கூடோணும், இல்லைன்னா குறையோணும். அசையவே இல்லைன்னா அது அளவே இல்லீங்க. முள்ளு செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

துணியை மண்ணெண்ணெயில் நனைத்து மூட்டைத் துடைத்தார். பிசின் கரைந்து விரலெல்லாம் கறுப்பாயிற்று. கம்பி இளகியது. வேலை கைக்குப் பழகியதுதான், ஆனாலும் பல வருஷத்துக்கு அப்புறம் செய்ததில் அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. காலையில் வந்த போனைக்கூட ஒரு நிமிஷம் மறந்திருந்தார்.

"அம்மா, முன்னாடி உக்காந்து சாவியைப் போடுங்க. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். நான் இதைத் தூக்கித் தூக்கி எறக்கறேன். முள்ளு அசையுதான்னு சொல்லுங்க."

அம்மையார் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

"ஏறுதுங்களா?"

"ஏறுது."

"இப்ப?"

"எறங்குது. எறங்குது. அடியில போய் உக்காந்துருச்சு."

"அவ்வளவுதானுங்க. பொழச்சுக்கிச்சு."

அம்மையார் திரும்பிப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தினமும் விடியக்காலம் உள்ளே பாக்கறதாச் சொன்னீங்களே. இந்த ஏழு வருஷத்துல என்னிக்காவது ஒரு நாள் அது கொஞ்சம் கூடி இருந்துச்சுங்களா? இல்லே, குறைஞ்சு இருந்துச்சுங்களா?"

"இல்லீங்கம்மா" என்றார் நாச்சிமுத்து, யோசிக்காமல். "கூடவும் இல்லே, குறையவும் இல்லே. அன்னிக்குச் சுடுகாட்டு வாசல்ல நின்னப்ப எவ்வளவு இருந்துச்சோ, அதேதான் அப்படியே..."

கையில் மிதவை ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். தம்பியின் முகத்தை நினைத்துப் பார்த்தார். சுடுகாட்டில் கண்ட முகம் வரவில்லை. வாய் கோணி, தண்ணி, அண்ணன் என்று இரண்டே வார்த்தையோடு கிடக்கிற முகம்தான் வந்தது. கோபத்தைத் தேடினார். தேடத் தேடப் பயம்தான் வந்தது. போய்ச் சேருவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

மிதவையை உள்ளே இறக்கித் தகட்டை முடுக்கினார். சீட்டைப் போட்டார். கறுத்த கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். அதற்குள் அம்மையார் இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சாவி வண்டியிலேயே இருந்தது.

"போற வழியில பெட்ரோல் பங்க் இருக்குதுங்களா?"

"காங்கேயம் முக்குலயே இருக்குதுங்கம்மா. அதுவரைக்கும் பாட்டில்ல ஊத்துனது தாங்கும். பாதி போட்டுக்கறேன்."

"முழுசாப் போட்டுக்கங்க" என்றார் அம்மையார். "இந்தத் தடவையும் பாதி வழியில நின்னுறாதீங்க."