வீட்டில் எத்தனை பேர்?

வாஷிங் மெஷின் வாங்குவதில் என்ன பெரிய புதிர் இருக்கப்போகிறது என்று நினைப்பவர்கள், தூத்துக்குடி ரெக்ஸ்லின் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசலாம். விடை எனக்குத் தெரியும். ஆனால் கடைசியில்தான் சொல்வேன், நடுவில் கெஞ்சினாலும் கிடைக்காது.

ரெக்ஸ்லின் வீட்டில் கீழே அவள் குடும்பத்தின் குடித்தனம். மேலே ஒற்றை அறையும் மொட்டை மாடியும். பழைய மெஷின் அந்த மேலறையில்தான் பதினோரு வருடம் ஓடியது. அதை முடித்து வைத்தது ஒரு மார்கழி மழை.

அன்று காலை தெருவில் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. கணவர் ஜெரால்டு துறைமுகத்தில் வேலையில் இருந்தார். ரெக்ஸ்லின் மூன்று பிள்ளைகளையும் மேலே ஏற்றிவிட்டாள். மாமனார் மிக்கேலை என்ன செய்வது? பக்கவாதத்தில் அவருக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாயிலும் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வராது. அவள் போட்ட கூச்சலைக் கேட்டு எதிர்வீட்டு வாடகை அறையிலிருந்து இசக்கிமுத்துவும் அவன் தம்பி சுடலைமணியும் ஓடி வந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்பவர்கள். கிழவரை அவருடைய மரநாற்காலியோடு அப்படியே தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலியின் இரண்டு கைகளும் இரண்டு சுவரையும் உரசின. எப்படியோ சாய்த்து ஏற்றிவிட்டார்கள். திரும்பிப் பார்க்கும்போது அவர்கள் அறையிலிருந்த பாய், பெட்டி, துணிமணி எல்லாம் தெருவோடு போய்க்கொண்டிருந்தன.

பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களும் அதே மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் அத்தனை பேருடைய சேற்றுத் துணியையும் ரெக்ஸ்லின் தன் மெஷினிலேயே போட்டாள். மூன்றாவது வாரம் அது ஒரு முனகலோடு நின்றுவிட்டது.

தெரு மெல்லத் தேறியது. மற்ற வீடுகளில் புது மெஷின்கள் வந்தன. அண்ணன் தம்பி அறையில் மட்டும் மெஷின் வைக்க இடமும் இல்லை, குழாயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தெருக்குழாயடியில் துணியை அலசிக் காயவைத்து உடுத்திக்கொண்டு, மிக்கேலோடு சீட்டாட வருவார்கள். மூன்று தண்ணீர் அலசினாலும் உப்பளத்துச் சட்டையின் விறைப்பு போகாது. கிழவர் ஒற்றைக் கையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் தோற்கடித்து அனுப்புவார். நடுவில் அந்த விறைத்த காலரைத் தொட்டுப் பார்ப்பார். சொல்ல ஏதோ இருக்கும். வாய் வராது.

இந்த நிலையில்தான் மெஷின் கடையிலிருந்து பிரிசில்லா என்ற பெண் டேப்போடு இடம் பார்க்க வந்தாள். படித் திருப்பத்தை அளந்தாள்.

"இருபத்தஞ்சு அங்குலத்துக்கு மேல ஏறாதுக்கா. வெளிய கயிறு கட்டி இழுக்கவும் கரண்டு கம்பி குறுக்கப் போவுது," என்றாள். பிறகு தாளைப் பிரித்தாள். ஆறு பேருக்கு ஏழு கிலோ மெஷின். எட்டு, ஒன்பது பேருக்குப் பத்து கிலோ, அகலம் இருபத்து நான்கு அங்குலம். அதற்கு மேல் ஆள் இருந்தால் பதினான்கு கிலோ, அகலம் இருபத்தேழு.

"வீட்ல மொத்தம் எத்தன பேரு?"

"ஆறு," என்றார் ஜெரால்டு. "நான், இவ, அப்பா, பிள்ளைங்க மூணு. ஏழு கிலோ தாராளம்."

"இருபத்திரண்டு," என்றாள் ரெக்ஸ்லின்.

பிரிசில்லாவின் பேனா நின்றுவிட்டது.

"மழைக்கு நாலு நாள் இந்த மாடியில இருபத்திரண்டு பேரு இருந்தோம்மா. ஒருத்தவ அடுப்பு கொண்டாந்தாவ, ஒருத்தவ அரிசி கொண்டாந்தாவ. எம்பிள்ளைங்க ஒரு நேரம் பட்டினி கெடக்கல. அவ்வளவு பேரயும் விட்டுட்டு ஆறுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இன்னொரு மழை வந்தா அவ்வொ துணிய எதுல போட?" சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது நாற்காலியிலிருந்து மிக்கேல், "எட்டு," என்றார்.

"அப்பா, நாம ஆறு பேருதானப்பா."

"எட்டு!" வலது கையால் நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டினார்.

"படுத்து எழுந்ததுலேருந்து எண்ணிக்கை கொழம்புது," என்று ஜெரால்டு பிரிசில்லாவிடம் தணிந்த குரலில் சொன்னார். அது கிழவரின் காதிலும் விழுந்தது. அவர் முகம் சுருங்கிப்போனது.

தாளில் ஓர் எண்ணுக்குத்தான் இடம். மேலறையிலும் ஒரு மெஷினுக்குத்தான் இடம். இன்று வாங்கினால் இன்னும் பத்து வருடத்துக்கு வேறு வாங்கப்போவதில்லை. மனதில் கிடப்பதைச் சொல்ல அந்த மனிதருக்கு இருந்ததும் அந்த ஒரு சொல்தான். அதையும் குழப்பம் என்று தள்ளிவிட்டால் அவர் வேறு எப்படித்தான் சொல்வார்?

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஆறு என்ற மகன், இருபத்திரண்டு என்ற மருமகள், எட்டு என்ற கிழவர் — இந்த மூவரில் சரியாக எண்ணியவர் யார்?

விடை: கிழவர்தான். ஜெரால்டு எண்ணியது சாப்பாட்டுத் தட்டுகளை. அதில் தப்பில்லை, நன்றிதான் இல்லை. ரெக்ஸ்லின் எண்ணியது முழுக்க நன்றி. ஆனால் அந்த இருபத்தேழு அங்குல நன்றி படியேறாது, மற்ற வீடுகளுக்கு இன்று அது தேவையும் இல்லை. சீட்டில் ஒரு தடவைகூடக் கணக்குத் தப்பாத மிக்கேல், வீட்டு ஆறு பேரோடு தன் நாற்காலியைத் தூக்கிய இரண்டு பேரைச் சேர்த்தார். இதை முதலில் கண்டுபிடித்தவள் ரெக்ஸ்லின். அவர் தட்டிய நாற்காலிக் கையையும், படித் திருப்பத்துச் சுவரில் இருந்த உரசலையும் பார்த்தாள். "மாமா சொன்னதையே எழுதும்மா," என்றாள். பத்து கிலோ மெஷினை மேலே ஏற்றியவர்களும் இசக்கிமுத்துவும் சுடலைமணியும்தான். முதல் நாள் அதில் சுழன்றவை அவர்களுடைய சட்டைகள். காய்ந்ததும் சுடலைமணி ஒன்றை உடுத்திக்கொண்டு வந்து நின்றான். மிக்கேல் காலரைத் தொட்டுப் பார்த்தார். அது மெத்தென்று மடங்கியது. அன்றைய சீட்டாட்டத்தில் முதல்முறையாக அவர் தோற்றுப்போனார். வேண்டுமென்றேதான் தோற்றார் என்று நான் நினைக்கிறேன்.