துருவின் சிவப்பு

அந்தக் காலத்தில், கல்லும் காற்றும் வாய்விட்டுப் பேசிய நாளில், இரும்பு என்று தனியாக ஒருவன் கிடையாது. உயிர்க்காற்று என்பவளின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் மண்ணுக்குள் குடியிருந்தான். அவர்கள் சேர்ந்திருந்த நிறம்தான் செம்மண்ணின் சிவப்பு.

அந்த மண்ணில் வீராயி சாமை விதைத்திருந்தாள். கதிர் முற்றிவிட்டது. கையால் பறித்துப் பறித்து விரலெல்லாம் கிழிந்தது. மழை வேறு திரண்டது. கொட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன போடுவாள்?

கரிதான் யோசனை சொன்னது. அந்த மண்ணின் சிவப்புக் கல்லைத் தன்னோடு உலையில் போட்டு ஊதினால், அறுக்க ஒரு பல் கிடைக்குமாம். கரிக்கு வெகுநாளாக உயிர்க்காற்றின்மேல் கண். வீராயிக்கு அது தெரியாது, பாவம், துருத்தியை ஊதினாள்.

சூட்டில் இரும்பின் பிடி தளர்ந்தது. "என்னோடு வந்துவிடு, நான் இவனைவிட இறுக்கிப் பிடிப்பேன்" என்றது கரி. உயிர்க்காற்று ஒரு கணம்தான் கையை விட்டாள். புகையோடு மேலே போய்விட்டாள்.

தனித்துப்போன இரும்பின் துகள்கள், விழுந்துவிடாமலிருக்க ஒன்றின் கையை ஒன்று பற்றிக்கொண்டன. அந்தப் பிடிதான் இரும்பின் உறுதி. வீராயி அவனைத் தட்டி அரிவாளாக்கினாள். அவள் மூக்குத்தியிலிருந்த தங்கம், தான் யாரையும் தேடுவதில்லை, அதனால்தான் மினுக்கு குறையவில்லை என்று கேலி பேசியது.

மேலே போனவளைப் பச்சை இலைகள் கரியிடமிருந்து மீட்டன. தனியாக இருக்கப் பயந்து, தன் இனத்தவள் ஒருத்தியோடு கைகோத்துத் திரிந்தாள். அரிவாளின் முகத்தை உரசிக்கொண்டுதான் போவாள். ஆனாலும் அவள் கை அவனை எட்டவில்லை.

அறுப்பு முடிகிற நேரத்தில் மழை பிடித்தது. வீராயி கதிர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அரிவாளை வரப்பில் மறந்துவிட்டாள். மழைத்துளி அரிவாளுக்கும் உயிர்க்காற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து தூது சொன்னது.

காலையில் வந்து பார்த்தால், அரிவாளில் சிவப்பு. அவள் சாம்பலை அள்ளித் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காதே ஆத்தா. அவ வந்திருக்கா" என்றான் அரிவாளிலிருந்த இரும்பு.

வீராயியின் கை நின்றது. "நீயும் அவளோட போயிட்டா அடுத்த வெள்ளாமைய நான் எதைக் கொண்டு அறுப்பேன்?"

கேட்டுவிட்டாளே தவிர, அவளுக்கு மனசு கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலுப்பை எண்ணெயைத் தொட்டு மெல்லத் தடவினாள். "பிள்ளைங்க வளர்ற வரைக்கும் பொறுத்துக்கடா. தேஞ்சதும் நானே உன்னை மண்ணுல விடுறேன்."

அன்று முதல்தான் அரிவாளைத் துடைத்து எண்ணெய் பூசி வைக்கிறோம். என்ன பூசினாலும், நாம் மறந்த ஒரு துளி ஈரத்தில் அவள் வந்துவிடுகிறாள், அவன் சிவக்கிறான்.